காலையில் ஒரே செல்ஃப்... மதியம் மட்டும் ஏன் முரண்டு?

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் பிரிவு மாணவன், மாரண்டஹள்ளி)



நம்ம ஊர்ப் பக்கத்து டீக்கடை வாசல்களில் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். லாரியை ஓரங்கட்டிவிட்டு டிரைவர் இறங்கி வந்து டீ குடிப்பார். எஞ்சின் மட்டும் 'தடதட'வென்று ஓடிக்கொண்டே இருக்கும். "ஏண்ணா, ஆஃப் பண்ணலையா?" என்று கேட்டால், "ஆஃப் பண்ணா அப்புறம் யாரு தம்பி தள்றது?" என்று பதில் வரும். காலையில் கேட்டால் அதே டிரைவர், "சும்மா தொட்டாலே ஸ்டார்ட் ஆவுது" என்பார். சூடானால்தான் தகராறு. இந்த ஒரு கோளாறைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சின்னக் கோளாறுதானே என்று நினைக்க வேண்டாம். நிற்கும்போது ஓடும் எஞ்சின் மணிக்குச் சுமார் இரண்டு லிட்டர் டீசலைச் சும்மா குடித்துவிடும். லோடு இறக்கும் நேரம், சாப்பாட்டு நேரம், ரயில்வே கேட்டில் நிற்கும் நேரம் எல்லாம் கூட்டிப் பாருங்கள். அதைவிட மோசம் என்னவென்றால், இந்தக் கோளாறைத் தப்பாகப் புரிந்துகொண்டு நல்ல எஞ்சினை இறக்கிப் பிரித்துவிடுகிறார்கள். ரிங், பிஸ்டன், போர் வேலை, ஹெட் வேலை என்று ஒரு குடும்பத்தின் ஆறுமாதச் சம்பாத்தியம் போய்விடும். எல்லாம் மாட்டி முடித்த பிறகும் வண்டி மதியம் ஸ்டார்ட் ஆகாது!

குளிர்தானே டீசலுக்கு எதிரி?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது என்பது நாம் முதல் செமஸ்டரிலேயே படித்ததுதான். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஓட்டிக் காட்டிய எஞ்சினிலிருந்து இன்றைக்கு ஓசூர் ரோட்டில் போகிற லாரி வரைக்கும் தத்துவம் ஒன்றே. காற்றைப் பதினேழில் ஒரு பங்காக அழுத்தினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பற்றுவதற்கு அதில் பாதிச் சூடே போதும்.

அப்படியானால் எந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்வது கஷ்டம்? மார்கழி மாதம் விடியற்காலையில்தான்! அப்போது சிலிண்டர் சுவர் ஐஸ் மாதிரி இருக்கும். அழுத்திய காற்றின் சூட்டை அந்தச் சுவரே உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சின் ஆயில் கெட்டியாகி செல்ஃப் மோட்டாருக்குச் சுமையாகும். பேட்டரியும் குளிரில் பலம் குறையும். அந்தக் காலத்து டிரைவர்கள் துணியை டீசலில் நனைத்துக் கொளுத்தி, காற்று உள்ளே போகும் வாயருகே காட்டி ஸ்டார்ட் செய்தது சும்மா இல்லை.

சூடான எஞ்சினில் இந்தக் கஷ்டம் ஒன்றுகூட இல்லை. அது அரைச் சுற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே குளிரில் நன்றாக ஸ்டார்ட் ஆகிற ஒரு வண்டி சூட்டில் முரண்டு பிடிக்கிறது என்றால், அந்த வண்டியே நமக்கு ஒரு சாட்சி சொல்லிவிட்டது: "என் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது." ரிங் தேய்ந்து, வால்வு ஒழுகி, கம்ப்ரஷன் குறைந்த எஞ்சின் முதலில் தோற்க வேண்டியது விடியற்காலையில்தான். மதியம் அல்ல. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. டேப்பெட் இடைவெளியை ரொம்ப இறுக்கமாக வைத்துவிட்டால், சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு, வால்வு சரியாக உட்காராமல் போகலாம். ஃபீலர் கேஜை வைத்து அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அதற்காக எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

சரி, கம்ப்ரஷன் இல்லை என்றால் வேறு எது? சூட்டினால் என்னவெல்லாம் மாறும் என்று யோசித்தால் மூன்றுதான் வருகிறது. இரும்பு விரியும். மின்கம்பியில் தடை கூடும். டீசல் தண்ணீராகும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் வாருங்கள்.

முதலில் காது, பிறகு கண்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுங்கள். சூட்டில் செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதா, இல்லை 'ம்ம்... ம்ம்...' என்று முனகுகிறதா? காலையில் சுற்றின மாதிரியே சுற்ற வேண்டும். சொல்லப்போனால் ஆயில் இளகியிருப்பதால் கொஞ்சம் வேகமாகவே சுற்ற வேண்டும்.

முனகினால் அது கரண்டு சம்பந்தப்பட்ட விஷயம். செம்புக் கம்பியில் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் தடை கூடும் என்று படித்திருக்கிறோம். 50 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 20 சதவீதம்! நல்ல கேபிள், நல்ல டெர்மினல் இருந்தால் இந்த 20 சதவீதத்தைத் தாங்கிக்கொள்ளும். பச்சை பூத்த டெர்மினலும், பாதி இழை அறுந்த எர்த் பட்டையும் இருந்தால் தாங்காது. செல்ஃப் மோட்டார் சைலன்சர் பக்கமாக உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம். உள்ளே புஷ் தேய்ந்திருந்தால் ஆர்மேச்சர் சூட்டில் விரிந்து ஓரத்தில் உரசவும் செய்யும்.

இதற்கு மல்டிமீட்டர் ஒன்று போதும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில் அளந்தால் 12 வோல்ட் வண்டியில் 9.6-க்குக் கீழேயும், 24 வோல்ட் வண்டியில் 19-க்குக் கீழேயும் இறங்கக் கூடாது. இறங்கவில்லை, ஆனாலும் முனகுகிறது என்றால் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. புது பேட்டரி வாங்கி மாட்டியும் சரியாகாத பல வண்டிகள் இந்த ஒரு எர்த் பட்டையில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. மீட்டர் கையில் இல்லையா? ஒரு ஜம்ப்பர் கேபிளை பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்குக்குப் போட்டுப் பாருங்கள். முனகல் நின்றால் விடை கிடைத்துவிட்டது. (சமீபத்தில்தான் எஞ்சின் வேலை பார்த்த வண்டி என்றால், ரிங் இறுக்கமாக இருந்தும் முனகலாம். அது ஓட ஓடச் சரியாகும்.)

செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லையா? இப்போது கண்ணுக்கு வேலை. சைலன்சர் முனையைப் பாருங்கள். சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியாமல் வெளியே வருகிறது என்று அர்த்தம். நாசில் ஒழுகுகிறதா, டைமிங் நகர்ந்திருக்கிறதா, முன்னே சொன்ன டேப்பெட் இறுக்கமா என்று பார்க்க வேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் உள்ளே போகவே இல்லை. சூட்டில் முரண்டு பிடிக்கும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் நான் பார்த்தது இந்தப் புகையில்லாத ரகம்தான்.

டீசல் எங்கே நின்றுபோகிறது?

இதில் எளிதானதை முதலில் பார்த்துவிடுவோம். சாவி போட்டதும் பம்பில் இருக்கும் ஸ்டாப் சொலினாய்டு 'டிக்' என்று திறக்க வேண்டும். அதுவும் கம்பிச் சுருள்தானே, சூட்டில் அதன் தடையும் ஏறும். செல்ஃப் அடிக்கையில் வோல்ட்டேஜ் இறங்கும்போது பலம் போதாமல் மூடிக்கொள்ளும். பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் கொடுத்துப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால் சொலினாய்டையோ அதற்கு வரும் ஒயரையோ மாற்றினால் போதும்.

அடுத்தது ஏர் எடுப்பது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கொஞ்ச தூரம் கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டியூபைப் போட்டுப் பார்த்தால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஏர் எடுக்கிற வண்டி ராத்திரி முழுக்க நின்றால் டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். அப்போது காலையில்தான் அதிகத் தொல்லை வரும். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் ஏர் மேல் சந்தேகம் கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும்.

இவை இரண்டும் இல்லை என்றால் பாக்கி இருப்பது பம்ப். எனக்கு ரொம்பப் பிடித்த இடமும் இதுதான்.

ராபர்ட் போஷ் கம்பெனி 1927-ல் டீசல் பம்பைப் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்தது. 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ கம்பெனி வழியாக அந்தத் தொழில் நம் பக்கத்து மாநிலத்துக்கே வந்தது. 2008-ல் மைக்கோவின் பெயர் போஷ் லிமிடெட் என்று மாறிவிட்டது. ஆனாலும் நம்ம ஷெட்டுகளில் இன்றைக்கும் 'மைக்கோ பம்ப்'தான்! பெரிய லாரிகளில் ஒரு சிலிண்டருக்கு ஒரு எலிமென்ட் என்று வரிசையாக நிற்கும் இன்லைன் பம்ப் இருக்கும். சிறிய லாரிகள் பலவற்றில் ரோட்டரி பம்ப் இருக்கும். இதில் ஒரே ரோட்டார் சுற்றிச் சுற்றி எல்லாச் சிலிண்டர்களுக்கும் டீசலைப் பங்கு போடும். லூகாஸ் சி.ஏ.வி.-யின் டி.பி.ஏ. பம்பும், போஷ் 1975-ல் கொண்டுவந்த வி.இ. பம்பும் இந்த இனம்தான்.

எந்தப் பம்பாக இருந்தாலும் உள்ளே ஒரு அதிசயம் உண்டு. டீசலை 200 பார் அழுத்தத்துக்குத் தள்ளும் அந்த உருளைக்கும், அது ஓடும் துளைக்கும் நடுவில் வாஷரும் கிடையாது, ஆயில் சீலும் கிடையாது. வெறும் இடைவெளிதான்! புதிதாக இருக்கும்போது அந்த இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான் இருக்கும். நம் தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்து வழியாக எப்போதும் கொஞ்சம் டீசல் பின்னால் கசிந்துகொண்டுதான் இருக்கும். அந்தக் கசிவே அதற்கு மசகும்கூட.

இப்போது நாம் எல்லோரும் பயந்துகொண்டே படித்த ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடத்துக்கு வாருங்கள். குறுகிய சந்து வழியாகக் கசியும் திரவத்தின் அளவு, இடைவெளியின் மும்மடியைப் பொறுத்தது. திரவத்தின் பிசுக்குத்தன்மைக்கு எதிர்விகிதமாக இருக்கும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன அந்த ஒரே வரிதான் இங்கே வேலை செய்கிறது!

புதுப் பம்ப், குளிர்ந்த டீசல். அப்போதைய கசிவை 1 என்று வைத்துக்கொள்வோம். டீசல் 40 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால் அதன் பிசுக்கு ஏறக்குறைய பாதியாகிவிடும். கசிவு 2 ஆகும். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வண்டி ஸ்டார்ட் ஆகும். வருஷங்கள் ஓடி இடைவெளி இரண்டு மடங்காகத் தேய்ந்துவிட்டது என்று வையுங்கள். இரண்டின் மும்மடி எட்டு. ஆக, தேய்ந்த பம்ப் காலைக் குளிரில் 8 கசியும். அதே பம்ப் மதியச் சூட்டில் 16 கசியும்! கசிவு 10-ஐத் தாண்டினால் நாசில் திறக்கிற அளவுக்கு அழுத்தம் எழும்பாது என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால், காலையில் ஸ்டார்ட் ஆகி மதியம் ஆகாத மர்மம் விளங்கிவிடுகிறது அல்லவா?

"அப்படிக் கசிகிற பம்ப் லோடு ஏற்றி மேட்டில் எப்படி இழுக்கிறது?" என்று ஒரு நண்பன் என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 150 சுற்று அளவில்தான் சுற்றும். பம்ப் அதில் பாதி. ஒரு தள்ளலுக்கு ரொம்ப நேரம் ஆகிறது, அந்த நேரம் முழுக்கக் கசிகிறது. எஞ்சின் 1500 சுற்றில் ஓடும்போது ஒரு தள்ளலுக்கு ஆகும் நேரம் பத்தில் ஒரு பங்குதான். கசிவதற்கு நேரம் எங்கே? ஆகவே ஓடும் வண்டியில் ஒரு குறையும் தெரியாது. இதனால்தான் செல்ஃபில் ஸ்டார்ட் ஆகாத வண்டி இறக்கத்தில் தள்ளி, செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் 'டபக்'கென்று பிடித்துக்கொள்கிறது. தள்ளும்போது எஞ்சின் செல்ஃபைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. டிரைவர் தள்ளு ஸ்டார்ட்டுக்கு இறக்கம் தேடி நிறுத்துவதே ஒரு நோய்க்குறி. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது மாதிரி, நாம் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்!

இன்னொரு குறி: எத்தனை நிமிஷம் கழித்து? ஆஃப் செய்த உடனே சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகும். இருபது நிமிஷம் கழித்துப் போட்டால் ஆகாது. மூன்று மணி நேரம் கழித்தால் மறுபடி ஆகும். ஓடும்போது ஃபேன் காற்றும் டேங்கிலிருந்து வரும் டீசலும் பம்பைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கின்றன. நின்றதும் இரண்டும் நின்றுவிடும். எஞ்சின் பிளாக்கின் சூடு மெதுவாகப் பம்புக்குள் ஏறும். அது உச்சத்துக்கு வரும் நேரம்தான் நம்ம டிரைவர் டீயும் வடையும் முடித்து எழுந்து வரும் நேரம்.

ஈரச் சாக்கு

எங்க மாமா ஒரு நாலு சிலிண்டர் சின்ன லாரி வைத்திருக்கிறார். ரோட்டரி பம்ப் வண்டி. பதினைந்து வருஷம் ஓடியது. மாரண்டஹள்ளி சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தக்காளி ஏற்றி ராயக்கோட்டை மண்டிக்கும், சில நாள் ஓசூர் தாண்டி பெங்களூருக்கும் போகும். தக்காளி காத்திருக்காது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் அடிப்பெட்டி கசியும், மண்டியில் விலை இறங்கும். போன சித்திரையில் இந்த வண்டிக்கு மேலே சொன்ன அதே வியாதி வந்தது. வெளியூர் பட்டறை ஒன்றில் காட்டினார்கள். "எஞ்சின் போச்சு, இறக்கணும், ஒரு லட்சம் ஆவும்" என்று சொல்லிவிட்டார்கள். அத்தை கழுத்தில் இருந்ததை அடகு வைப்பது என்று பேச்சும் முடிந்துவிட்டது.

எங்க இரண்டு குடும்பத்திலும் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் மாமா, "மாப்ள, நீதான் இதப் படிக்கிறியே, எஞ்சின இறக்கலாமா வேணாமான்னு நீ சொல்லு" என்று கேட்டுவிட்டார். புஸ்தகம் படித்தவன் சொல்லை நம்பி ஒரு லட்சம் நிற்கிறது! நான் கேட்டது ஒரே கேள்வி: "காலைல எப்படி மாமா ஸ்டார்ட் ஆவுது?" "அது தொட்டா பிடிச்சுக்குதே." "அப்ப இறக்க வேணாம் மாமா" என்றேன். வண்டியை எங்க ஊர் ஷெட்டுக்கே கொண்டுபோனோம்.

ஷெட் மேஸ்திரி எட்டாவதோடு நின்றவர். முப்பது வருஷ அனுபவம். நான் சொன்ன மும்மடிக் கணக்கைச் சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு, "இரு தம்பி, பம்ப்பையே கேட்டுருவோம்" என்றார். வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து, இருபது நிமிஷம் விட்டார். செல்ஃப் அடித்தார். நன்றாகச் சுற்றியது, புகை இல்லை, பிடிக்கவில்லை. ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பம்ப் மேல் சுற்றினார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை சாக்கை மாற்றினார். கால் மணி நேரம் கழித்துச் செல்ஃப். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது! எஞ்சின் முழுக்க அப்படியே சூடாகத்தான் இருந்தது. குளிர்ந்தது பம்ப் மட்டும்தான். ஆக, கோளாறு எங்கே இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

இந்த ஈரச் சாக்குப் பரிசோதனையை நம்மில் யார் செய்தாலும் இரண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது செய்யக் கூடாது. வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றவும் கூடாது. பம்பின் வெளிக்கூடு திடீரென்று சுருங்கி ரோட்டாரைக் கவ்விக்கொண்டால் பம்ப் சீஸ் ஆகிவிடும். தேய்ந்த பம்புக்குச் செலவு உண்டு, சீஸான பம்புக்கு இரட்டைச் செலவு. இன்னொன்று, சாக்கு ஒரு பரிசோதனைதான், வைத்தியம் அல்ல. சிலர் தினமும் ஈரத்துணியோடு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். கசிவு கூடிக்கொண்டே போய் ஒருநாள் காலையிலும் ஸ்டார்ட் ஆகாது.

பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்ச் உள்ள இடத்துக்கு எடுத்துப் போனோம். இங்கே டெஸ்ட் பெஞ்ச் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பம்பைச் சோதிக்க டீசல் ஊற்றுவதில்லை. ஐ.எஸ்.ஓ. 4113 என்ற தரத்தில் வரும் தனி எண்ணெயை 40 டிகிரியில் வைத்துத்தான் அளப்பார்கள். நம்ம வண்டிக் கோளாறோ 80 டிகிரியில் வருவது! 40 டிகிரியில் அதிக வேகத்தில் மட்டும் அளந்தால் தேய்ந்த பம்பும் "பாஸ்" ஆகிவிடும். ஆகவே பம்பைக் கொடுக்கும்போதே "சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை, செல்ஃப் வேகத்தில் வரும் அளவைப் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னோம். பெஞ்சில் 100 சுற்றில் வைத்ததும் கண்ணாடிக் குழாய்களில் எண்ணெய் ஏறவே இல்லை. 1000 சுற்றில் சரியாக ஏறியது. பிரித்துப் பார்த்தபோது ரோட்டார் மேல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கோடுகள். ஹெட்டையும் ரோட்டாரையும் ஜோடியாகத்தான் மாற்ற முடியும், ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. இரண்டும் சேர்த்தே உராய்த்துப் பொருத்தியவை. எல்லாம் சேர்ந்து எஞ்சினை இறக்கும் செலவில் நாலில் ஒரு பங்குதான் ஆனது.

கோடு எப்படி விழுந்தது?

பம்புக்கு மசகு எண்ணெயே டீசல்தான். டீசலில் தண்ணீரோ தூசியோ வந்தால் அந்த மூன்று மைக்ரான் சந்தில் மணல்காகிதம் தேய்த்த மாதிரி ஆகிவிடும். ஃபில்டரை மாற்றாமல் வருஷக் கணக்கில் ஓட்டுவதும், ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீரை வடிக்காமல் விடுவதும்தான் பெரும்பாலும் காரணம். இன்னொன்று மண்ணெண்ணெய்க் கலப்படம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி டீசலின் பிசுக்கு 40 டிகிரியில் 2.0-லிருந்து 4.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் அதைவிட இளக்கமானது. கலந்த டீசல் குளிரிலேயே தண்ணீராக இருக்கும், சூட்டில் கேட்கவே வேண்டாம். தேய்மானத்தையும் கூட்டும், கசிவையும் கூட்டும். ஒரே பங்கில் டீசல் போட்ட நாளெல்லாம் தொல்லை, வேறு பங்கில் போட்டால் குறைகிறது என்று டிரைவர் சொன்னால் அந்தப் பேச்சைத் தட்டிவிடாதீர்கள்.

இந்தக் கலப்படம் எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்கு மஞ்சுநாத் சண்முகம் என்ற பெயரை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கர்நாடகத்தைச் சேர்ந்த அவர் இந்தியன் ஆயில் கார்ப்பரேஷனில் விற்பனை அதிகாரி. உத்தரப் பிரதேசம் லக்கிம்பூர் கேரியில் கலப்பட எரிபொருள் விற்ற பங்குகளை மூடி சீல் வைத்ததற்காக 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாம் பெஞ்சில் பார்க்கும் ரோட்டார் கோட்டுக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை இருக்கிறது.

புது வண்டிகளில்?

"இதெல்லாம் பழைய பம்ப் கதை, இப்போது எல்லாம் காமன் ரயில்" என்று சிலர் நினைக்கலாம். 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ்.-4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்த பிறகு புது லாரிகளில் காமன் ரயில்தான் ஆட்சி செய்கிறது. 1600 பார், 2000 பார் என்று பேசுகிறார்கள். ஆனால் நண்பர்களே, சூட்டில் டீசல் தண்ணீராவது மட்டும் மாறவில்லை! ரயிலில் சுமார் 200 பார் அழுத்தம் ஏறாதவரை கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. தேய்ந்த இன்ஜெக்டர்கள் சூட்டில் ரிட்டர்ன் வழியாக டீசலைக் கொட்டினால், செல்ஃப் வேகத்தில் பம்ப் தள்ளுவது அத்தனையும் அங்கேயே போய்விடும். அழுத்தம் 200-ஐ எட்டாது. காலையில் எட்டும், மதியம் எட்டாது. அதே பழைய வியாதி, புதுச் சட்டை!

ஆனால் பரிசோதனை வேறு. பழைய வண்டியில் நாசில் பைப் நட்டைத் தளர்த்தி டீசல் பீறிடுகிறதா என்று பார்ப்போம். காமன் ரயிலில் அதைக் கனவிலும் செய்யாதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும். ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரும். அப்படி யாருக்காவது நேர்ந்தால் வலி இல்லை என்று வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதற்கு நாலு தண்ணீர் பாட்டிலும் நாலு சின்ன டியூபும் போதும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் முனையிலும் ஒரு டியூபை மாட்டி பாட்டிலில் விடுங்கள். ரிட்டர்ன் பக்கத்தில் அழுத்தம் குறைவு, அதனால் பயமில்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போதே செய்ய வேண்டும், ஆறிய பிறகு செய்தால் எல்லா பாட்டிலும் நல்லபிள்ளை மாதிரி நிற்கும். செல்ஃப் அடிக்கும்போது எந்த பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ, அந்த இன்ஜெக்டர்தான் குற்றவாளி. நாலும் ஒரே மாதிரி கொஞ்சமாக நிரம்பி, அழுத்தம் மட்டும் ஏறவில்லை என்றால் பம்ப் பக்கம் பாருங்கள்.

காமன் ரயிலில் இன்னொரு புது ஆசாமியும் உண்டு, கிராங்க் சென்சார். உள்ளே தலைமுடி போன்ற கம்பிச் சுருள். சில சென்சார்களில் சூட்டில் அது விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சுற்றுகிறது என்ற சேதியே கம்ப்யூட்டருக்குப் போகாது. ஸ்கேனரை மாட்டிவிட்டுச் செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். 0 என்றே நின்றால் சென்சாரை மாற்றுங்கள். ஆர்.பி.எம். ஓடுகிறது, ரயில் பிரஷர் மட்டும் 200-ஐத் தொடாமல் தடுமாறுகிறது என்றால் பாட்டில்களை எடுங்கள்.